பெயிண்ட் வாளியில் பூத்த லில்லி

திண்டிவனத்தில் நிறைந்திருந்த ஒரு கல்யாண மண்டபத்தை அரை மணி நேரத்தில் காலி செய்தவள் என்று சொந்தக்காரர்கள் மத்தியில் எனக்கு ஒரு பெயர் உண்டு. நான் மறுப்பதில்லை. ஆனால் ஒரு சின்னத் திருத்தம். அரை மணி நேரமெல்லாம் ஆகவில்லை, கால் மணிதான். செய்த காரியத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும் அல்லவா?

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருத்தம் தெரிவிப்பதற்காக இதை எழுதவில்லை. இந்த விவகாரத்தில் வருத்தப்பட வேண்டியவர்களின் வரிசையில் நான் மூன்றாவது ஆள். முதலில், "ஹார்டி" என்ற சொல்லைக் கண்டுபிடித்தவர். இரண்டாவது, என் வீட்டுக்காரர்.

அப்போது எனக்கு முப்பத்து நாலு வயது. விழுப்புரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் டைப் அடிக்கும் வேலை (இன்றைக்கும் அதே நாற்காலிதான், குஷன் மட்டும் மாறியிருக்கிறது). குடியிருந்தது வாடகை வீடு. பின்பக்கம் துவைக்கிற கல், அதை ஒட்டி நாலடிக்கு சிமென்ட் தரை. அதைத்தான் நான் "தோட்டம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு கற்றாழையும் ஒரு கறிவேப்பிலைச் செடியும் இருந்தன. கறிவேப்பிலையில் மொத்தம் பதினோரு இலை. ரசத்துக்குக் கடையில்தான் வாங்குவோம்.

என் வீட்டுக்காரர் செல்வத்துக்கு ஒரே அக்கா. சுகந்தி அண்ணி. திண்டிவனத்தில் சொந்த வீடு, மாடி முழுக்கத் தொட்டிகள். ரோஜா, செம்பருத்தி, அடுக்குமல்லி, பெயர் தெரியாத என்னென்னவோ. நாங்கள் போகும்போதெல்லாம் காபி ஆறுவதற்குள் மாடிக்குக் கூட்டிப்போய்விடுவார். டாக்டர் வார்டு சுற்றி வரும்போது பின்னாலேயே போகும் நர்ஸைப் போல நான் போக வேண்டும். ஒவ்வொரு தொட்டியின் முன்னாலும் நின்று "அடேயப்பா" என்று சொல்ல வேண்டும். ஒருமுறை, பத்தாவது அடேயப்பாவை முடித்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது அண்ணி சொன்னார்:

"விமலா, உனக்கு ஒரு ரோஜாப் பதியன் குடுக்கலாம்னுதான் பாத்தேன். அப்புறம் பாவமா இருந்திச்சி. அதுவும் ஒரு உயிரு இல்லியா?"

பாவம் என்று அவர் சொன்னது என்னையல்ல, ரோஜாவை.

விழுப்புரம் பஸ்ஸில் உட்கார்ந்ததுமே போனைத் திறந்தேன். அண்ணியின் மாடியில் இல்லாத பூ, திண்டிவனத்திலேயே யாரும் பார்த்திராத பூ எனக்கு வேண்டும். விக்கிரவாண்டி டோல்கேட் வருவதற்குள் கண்டுபிடித்துவிட்டேன். லில்லி. நம்மூர்க் குளத்தில் கிடக்கும் அல்லி இல்லை. தரையில் நிமிர்ந்து நிற்கும், கை அகலத்துக்கு விரியும், கருஞ்சிவப்பு வெல்வெட் மாதிரி இருக்கும். படத்துக்குக் கீழே, "ஹார்டி ஹைப்ரிட் லில்லி, வீட்டுத் தோட்டத்துக்கு உகந்தது" என்று போட்டிருந்தார்கள்.

ஹார்டி! நாள் முழுக்க மருத்துவ ஆங்கிலம் டைப் அடிப்பவள் நான். எனக்கா அர்த்தம் தெரியாது? உறுதியானது, முரடு, எதையும் தாங்கும். விழுப்புரம் வெயிலையும் தாங்கும், வாரத்துக்கு இரண்டு நாள் வராத தண்ணீரையும் தாங்கும், என்னையும் தாங்கும். அங்கேயே ஆர்டர் போட்டேன். மூன்று கிழங்கு.

(செல்வம் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். நான் எடுத்த பெரிய முடிவுகள் எல்லாமே அவர் தூங்கும்போது எடுத்தவைதான்.)

மாசி மாதம் பார்சல் வந்தது. உரித்த பெரிய பூண்டு மாதிரி, செதில் செதிலாக மூன்று கிழங்கு. வீட்டுக்காரம்மாவிடம் கேட்டு ஒரு காலி பெயிண்ட் வாளி வாங்கினேன். அடியில் ஓட்டை போட்டு, செம்மண்ணும் எருவும் கலந்து கொட்டி, மூன்றையும் நட்டேன். காலையில் ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு. செடியோடு பேசினால் நன்றாக வளரும் என்று எங்கேயோ படித்திருந்ததால் பேசவும் செய்தேன். பெரும்பாலும் சுகந்தி அண்ணியைப் பற்றித்தான்.

பங்குனி பிறந்தது. வாளியில் ஒன்றும் பிறக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அண்ணியின் மகள் கீர்த்தனாவுக்கு மாப்பிள்ளை அமைந்தது. கிளியனூர்ப் பக்கம், சொந்த நிலம் வைத்து விவசாயம் செய்யும் குடும்பம். பையன் புதுச்சேரியில் வேலை. வைகாசியில் நிச்சயதார்த்தம். விஷயத்தைச் சொல்ல அண்ணி போன் செய்தார். வாழ்த்துச் சொல்லிவிட்டு வைத்திருக்கலாம். வைத்தேனா?

"அண்ணி, மேடைக்குப் பூ என் பொறுப்பு. எங்க வீட்டு லில்லி."

அண்ணி டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார்:

"மொளைச்சிடுச்சா?"

"மொளைச்சிக்கினே இருக்குது."

"சரி, வரட்டும். எதுக்கும் நான் பூக்கடையிலயும் சொல்லி வெச்சிடறேன்."

அந்த "எதுக்கும்" என்ற வார்த்தை எனக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. மறுநாள் கிழங்கு விற்றவர்களுக்கே போன் போட்டேன். பெங்களூரிலிருந்து ஒரு பையன் தமிழில் பேசினான்.

"மேடம், நீங்க எந்த ஊரு?"

"விழுப்புரம்."

"அங்க குளிர்காலத்துல எவ்வளவு டிகிரி போகும், மேடம்?"

"மார்கழியில ஃபேனை ரெண்டுல வெப்போம்."

அவன் இருமினான். (சிரிப்பை மறைக்கும் இருமலை எனக்குத் தெரியும்.) "மேடம், ஹார்டின்னா குளிரைத் தாங்கும்னு அர்த்தம். பனி கொட்டினாலும் கிழங்கு சாகாது. வெயில்தான் அதுக்கு ஆகாது. குளிர் இல்லன்னா கஷ்டம்."

அதாவது, விழுப்புரத்தில் பனி கொட்டினால் என் லில்லிக்கு ஒரு ஆபத்தும் இல்லை.

போனை வைத்துவிட்டு யோசித்தேன். வேறு யாராக இருந்தாலும் வாளியைக் கவிழ்த்திருப்பார்கள். நான் ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸ் கட்டியை எடுத்துக்கொண்டு போய் வாளியில் வைத்தேன். தினமும் காலையில் பன்னிரண்டு கட்டி. அதோடு வாளியின் மேல் ஈரத்துண்டு, துண்டின் மேல் குடை. சித்திரை வெயிலில் நான் குடையில்லாமல் வேலைக்குப் போனேன், வாளி குடையோடு இருந்தது. செல்வம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே பல் தேய்ப்பார். ஒருநாள் மட்டும் மெதுவாகச் சொன்னார்:

"விட்டுடேன், விமலா. அண்ணி ஒண்ணும் நெனச்சிக்க மாட்டாங்க." (கூடப் பிறந்த அக்காவையே அவர் என்னிடம் பேசும்போது அண்ணி என்பார். சமாதானத்துக்காக வந்த பழக்கம்.)

"நீங்க பேசாம இருங்க. அது வரும்."

வந்தது!

சித்திரை முடிய ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு காலை, ஈரத்துண்டைத் தூக்கினால் நடுவில் ஒரு முளை. கட்டைவிரல் தடிமனில், இளஞ்சிவப்பாக, ஈட்டி மாதிரி. நான் போட்ட சத்தத்தில் மேல்வீட்டுக்காரர்கள் திருடன் என்று நினைத்து ஓடி வந்தார்கள். செல்வமும் ஓடி வந்தார். வாளியைப் பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. மனுஷன் நெகிழ்ந்துவிட்டார் என்று நினைத்தேன்.

அதற்கப்புறம் அது வளர்ந்த வேகத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஒரு வாரத்தில் முழங்கை உயரம். இலையே இல்லை, ஒரே ஒரு மொட்டு. வாழைப்பூவை நிமிர்த்தி வைத்தது போல், ஆனால் அதைவிடக் கொழுத்து, கருஞ்சிவப்பில். படத்தில் பார்த்த அதே நிறம்! மூன்று கிழங்கும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே பூவாக வருகிறது என்று நானே ஒரு விஞ்ஞான விளக்கம் கண்டுபிடித்தேன். ஹைப்ரிட் என்றால் சும்மாவா? படம் எடுத்துக் குடும்பக் குரூப்பில் போட்டேன். "மேடைக்கு ரெடி" என்று எழுதினேன். அண்ணி வெறும் கட்டைவிரலைப் போட்டார். நாற்பது வயது தாண்டியவர்கள் போடும் கட்டைவிரலில் எத்தனை பொறாமை இருக்க முடியும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். செல்வம் மட்டும் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

நிச்சயதார்த்தம் சாயங்காலம் ஐந்தரைக்கு. வாளிக்குத் தங்க நிறக் காகிதம் சுற்றி, சிவப்பு ரிப்பன் கட்டினேன். மத்தியானம் ஷேர் ஆட்டோ, பிறகு பஸ். பட்டுப்புடவை மடியில் பெயிண்ட் வாளி. கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

"இன்னாம்மா இது, வாழப்பூவா?"

"லில்லி. வெளிநாட்டு ரகம்."

"லக்கேஜ் டிக்கெட் போடணுமே."

"பூவுக்கெல்லாம் டிக்கெட்டா?"

"பூவுன்னா தலையில வெச்சிக்கினு வாங்கம்மா."

டிக்கெட் வாங்கினோம். பஸ் அனலில் மொட்டு மெல்ல விரியத் தொடங்கியது. மயிலம் கூட்டு ரோட்டைத் தாண்டும்போது விளிம்பு சுருண்டு வெளியே மடிந்தது. பாவாடை விரிந்தது போல ஓர் அகன்ற மடல், நடுவில் மூளை மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு பெரிய கொண்டை. படத்தில் கொண்டை இல்லை. போட்டோ ஒரு பக்கமாக எடுத்திருப்பார்கள் என்று சமாதானப்படுத்திக்கொண்டேன். முன் சீட்டில் இருந்தவர் ஜன்னலைத் திறந்துவிட்டார். காற்றுக்காக என்று நினைத்தேன்.

மண்டபத்தில் நூற்றைம்பது பேர் இருப்பார்கள். வாளியை நானே மேடைக்குத் தூக்கிப்போய், மாப்பிள்ளை உட்காரும் சோபாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். அண்ணி வந்து பார்த்தார். வாளியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அவ்வளவு பெரிய பூவை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. சும்மா புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டேன். என் கல்யாணத்தன்றுகூட நான் அப்படி நின்றதில்லை.

முதலில் வீடியோக்காரர்தான் மூக்கைச் சுருக்கினார். பிறகு முன்வரிசையில் ஒரு அம்மா முந்தானையை மூக்கில் வைத்தார். பக்கத்தில் இருந்தவர் தன் கைக்குழந்தையின் ஜட்டியைத் தூக்கிப் பார்த்தார். அது சுத்தமாக இருந்தது.

"எலி கிலி செத்துப்போயிருக்கா பாருங்கப்பா!" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். மண்டபக்காரர் ஆட்களோடு ஓடி வந்து சோபாவை நகர்த்தினார், கார்ப்பெட்டைத் தூக்கினார், மேடைக்குக் கீழே டார்ச் அடித்தார். சாம்பிராணி போட்டார்கள். செத்த எலிக்குச் சாம்பிராணி போட்ட வாசனை வந்தது. கூட்டம் மெதுவாக எழுந்து வாசல் பக்கம் நகர்ந்தது.

அப்போதுதான் என் பூவைச் சுற்றி ஈ மொய்ப்பதைப் பார்த்தேன். தேனீ வரும் என்று நினைத்திருந்தேன். குனிந்து, பாசத்தோடு, ஆழமாக மோந்து பார்த்தேன்.

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனந்தக் கண்ணீர் இல்லை.

என்ன செய்தேன் என்கிறீர்களா? நிமிர்ந்து, வாளிக்கு முன்னால் மறைத்து நின்றுகொண்டு, "டிரெயினேஜா இருக்கும்" என்று சத்தமாகச் சொன்னேன். அதைச் சொன்னவள்தான் நான், மறைக்கவில்லை.

விஷயம் அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன். மாப்பிள்ளையின் சின்னத் தாத்தா ஒருவர், வெள்ளை வேட்டியும் கைத்தடியுமாக, மண்டபத்தின் நடுவில் நின்று சொன்னார்:

"பொண வாடை அடிக்குது. தட்டு மாத்தற நேரத்துல இப்பிடின்னா சகுனம் சரியில்ல. இன்னொரு நாள் பாத்துக்கலாம். பொண்ணு ஜாதகத்தையும் மறுபடி ஒருதரம் காட்டிடுங்க."

மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் தட்டுகளை மூட ஆரம்பித்தார்கள். சுகந்தி அண்ணி கைகூப்பியபடி அவர் பின்னாலேயே ஓடினார். "ஐயா, ஐயா" என்பதைத் தவிர வேறு வார்த்தை அவர் வாயில் வரவில்லை. மணமகள் அறை வாசலில் கீர்த்தனா நின்றிருந்தாள். அவள் என்னிடம் ஒரு வார்த்தை தவறாகப் பேசியதில்லை. என் கறிவேப்பிலையைக்கூட ஒருமுறை நன்றாக இருக்கிறது என்று சொன்னவள்.

செல்வம் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனார்.

"விமலா, அது லில்லி இல்ல."

"பின்ன?"

"சேனைக்கிழங்கு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"நீ தினமும் வெறும் மண்ணுக்குத் தண்ணி ஊத்திக்கினு, ஐஸ் வெச்சிக்கினு, பேசிக்கினு இருந்தே. என்னால பாக்க முடியல. நீ வேலைக்குப் போனப்ப ஒருநாள் நோண்டிப் பாத்தேன். மூணும் அழுகிக் கூழாப் போயிருந்திச்சி. கெடார்லருந்து நம்ம சிநேகிதன் குடுத்த சேனை ஒண்ணு மொளைவிட்டுக்கினு மூலையில கெடந்திச்சி. அத்த எடுத்துப் பொதைச்சிட்டேன்."

"எதுக்கு?"

"ஏதாவது ஒண்ணு மொளைச்சா நீ சிரிப்பேன்னு. எல வரும்னு நெனச்சேன், விமலா. இப்பிடிப் பூத்துக்கினு நிக்கும்னு எனக்கு இன்னா தெரியும்? அப்புறம் நீ குரூப்புல போட்டுட்டே. எப்பிடிச் சொல்றது?"

அவரை அடிப்பதா, கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. சமையல்காரர் கரண்டியோடு பார்த்துக்கொண்டிருந்ததால் இரண்டையும் செய்யவில்லை. இப்போது யோசித்தால், இரண்டையும் செய்திருக்கலாம்.

என் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. வாளியைச் சத்தமில்லாமல் பின்வாசல் வழியாகக் கடத்திவிடலாம், என் மானம் பிழைக்கும். ஆனால் வாடை எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாமல் போகும். பழி அந்தப் பெண்ணின் ஜாதகத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். எனக்குக் கோபம் வந்தது. சின்னத் தாத்தாவின் மேல், சேனைக்கிழங்கின் மேல், என் மேல். அந்தக் கோபத்திலேயே மேடை ஏறினேன். பத்திரிகை வாசிப்பதற்காக வைத்திருந்த மைக்கை எடுத்தேன்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் நில்லுங்க! எலி எதுவும் சாவல. சகுனமும் இல்ல. வாடை இந்தப் பூவுலருந்து வருது. இது சேனைக்கிழங்குப் பூ. லில்லின்னு நெனச்சி வளத்து எடுத்துக்கினு வந்தது நானு, பொண்ணோட அத்தை. பொண்ணுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. திட்டணும்னா என்னைத் திட்டுங்க. நம்பிக்க இல்லாதவங்க மேல வந்து மோந்து பாருங்க!"

ஒருத்தரும் வரவில்லை. வாசலில் நின்ற கூட்டம் அப்படியே திரும்பிப் பார்த்தது. அண்ணியின் முகத்தை நான் பார்க்கவில்லை. அந்த அளவுக்குத் தைரியம் இல்லை.

ஒரே ஒருவர் வந்தார். மாப்பிள்ளையின் அம்மா. பட்டுப்புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு மேடையேறி, வாளிக்கு முன்னால் குனிந்தார். தங்கக் காகிதத்தைப் பார்த்தார். ரிப்பனைப் பார்த்தார். அவருடைய தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்று பயந்துவிட்டேன். பிறகுதான் சத்தம் வந்தது. சிரித்த சிரிப்பில் நிற்க முடியாமல் மாப்பிள்ளை சோபாவிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எம்மாடி! எங்க கொல்லையில இது பூ வுட்டா வெட்டித் தூரப் போட்டுட்டு மூக்கப் பொத்திக்கினு ஓடியாருவோம். நீ ரிப்பன் கட்டி எம்புள்ள பக்கத்துல வெச்சிருக்கியே!"

"லில்லின்னு நெனச்சேங்க."

"மைக்கப் புடிச்சிக்கினு சொல்றதுக்கு ஒரு தெகிரியம் வேணும்மா." பிறகு சின்னத் தாத்தாவைப் பார்த்துக் கத்தினார்: "மாமா, கெழங்கு வாடைக்கு ஜாதகம் பாத்தா நாம வெவசாயம் பண்றதே வீணு. வந்து உக்காருங்க. ஜல்தி, நேரம் போவுது."

பெரியவர் கொஞ்ச நேரம் கைத்தடியைப் பார்த்தார். பிறகு, "சேனையா? அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார்.

நானும் செல்வமும் வாளியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து வெளியே கொண்டுபோய் மாப்பிள்ளை வீட்டார் வந்த வேனுக்குப் பின்னால் வைத்தோம். எல்லா ஜன்னலையும் திறந்து, எல்லா ஃபேனையும் முழு வேகத்தில் வைத்து, தட்டு மாற்றினார்கள். நிச்சய ஆல்பத்தில் ஒரு படத்திலும் யாருடைய தலைமுடியும் ஒழுங்காக இருக்காது.

சுகந்தி அண்ணி மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு கல்யாணப் பத்திரிகையோடு வீட்டுக்கே வந்தார். குங்குமம் வைத்துப் பத்திரிகையைக் கையில் கொடுத்துவிட்டு, "விமலா, கைய வீசிக்கினு வா. ஒரு மொழம் கதம்பம்கூட வாங்கிக்கினு வராத" என்றார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "அன்னிக்கி மைக் எடுத்தியே, அது மட்டும் நல்லாப் பண்ணே" என்றார். இதை அவர் சொன்னதாக இன்று கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார். செல்வம் சாட்சி. அவரோ அப்போது தூங்கிக்கொண்டிருந்தார்.

நான் லில்லியை விட்டேன் என்று நினைக்காதீர்கள். போன மார்கழியிலும் இரண்டு கிழங்கு நட்டேன். ஒன்று ஒரு சாண் வளர்ந்து, இலைகூட விட்டது. பூக்கவில்லை. பூக்கும்வரை நடுவேன். விழுப்புரம் வெயிலுக்கும் எனக்கும் இடையில் இருக்கும் கணக்கு அது, வேறு யாரும் தலையிட வேண்டாம்.

சேனைக்கிழங்கை என்ன செய்தோம் என்று கேட்கிறீர்களா? சம்பந்தியம்மா அன்றைக்கே வாளியோடு வேனில் ஏற்றிக் கிளியனூருக்குக் கொண்டுபோய்விட்டார். பூவை வெட்டி எறிந்துவிட்டு நிலத்தில் வைத்தாராம். தை மாதம் ஒரு கிழங்கு வந்தது, இரண்டு கையாலும் தூக்க வேண்டிய அளவில். சாக்கின் மேல் ஸ்கெட்ச் பேனாவால் கொட்டை எழுத்தில் "லில்லி" என்று எழுதியிருந்தது. வருஷா வருஷம் வருகிறது. எங்கள் இரண்டு குடும்பத்திலும் சேனைக்கிழங்கு என்ற சொல்லே வழக்கொழிந்து போய்விட்டது. லில்லி வறுவல், லில்லி மசியல், காரக்குழம்பில் நாலு துண்டு லில்லி. கீர்த்தனாவின் வீட்டுக்காரர் புதுச்சேரி மார்க்கெட்டில் தெரியாத்தனமாக "அரை கிலோ லில்லி" என்று கேட்டு, பூக்கடைக்கு வழி காட்டப்பட்டிருக்கிறார்.

கீர்த்தனாவின் மகள் இந்த வருஷம் எல்.கே.ஜி. சேர்ந்திருக்கிறாள். போன வாரம் அவளுடைய மிஸ் கீர்த்தனாவைக் கூப்பிட்டு அனுப்பினாராம். வகுப்பில் அட்டையைக் காட்டி, "எல் ஃபார் லில்லி" என்று சொல்லிக்கொடுத்தபோது, இவள் எழுந்து நின்று, "இது லில்லி இல்ல மிஸ். லில்லி மண்ணு ஒட்டிக்கினு குண்டா இருக்கும். நாங்க மொளகாத்தூள் போட்டு வறுத்துத் தின்னுவோம்" என்றாளாம். மிஸ் எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் உட்காரவில்லையாம்.

கீர்த்தனா இதைப் போனில் சொல்லிவிட்டு, "புள்ள யார மாதிரின்னே தெரியல, அத்தை" என்று அலுத்துக்கொண்டாள். எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.